கப்பலில் ஃபார்மல் இரவுக்கு என்ன உடுத்துவது? பெட்டி கட்டும் முன் படிக்க ஒரு வழிகாட்டி

சொகுசுக் கப்பலுக்கு டிக்கெட் போட்ட வீட்டில் அடுத்த வாரமே ஒரு வாக்குவாதம் தொடங்கிவிடும். "ஏதோ ஃபார்மல் நைட்டாமே, கோட்டு வாங்கணுமா?" ஃபார்மல் நைட் என்றால் பயணிகள் விருந்துக்குப் போவது போல உடுத்திக்கொண்டு சாப்பிட வரும் இரவு. எங்கள் வீட்டில் அந்த வாக்குவாதம் பதினைந்து நாள் ஓடியது. கடைசியில் மச்சினனின் கல்யாணக் கோட்டை இரவல் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். தோள்பட்டை இரண்டு விரல் வெளியே தொங்கியது. பெட்டியில் இரண்டு கிலோ எடையைத் தின்ற அந்தக் கோட்டை நான் போட்டிருந்தது மொத்தம் மூன்று மணி நேரம். எதிர் மேசையில் ஒரு நைஜீரியக் குடும்பம் தங்கள் ஊர் உடையில் வந்து உட்கார்ந்திருந்தது. அந்தக் கூடத்திலேயே பார்க்க லட்சணமாக இருந்தவர்கள் அவர்கள்தான். என் பட்டு வேட்டியோ ஊரில், அலமாரியில், பாச்சை உருண்டையோடு படுத்திருந்தது.

அதன் பிறகு இன்னும் இரண்டு கப்பல் பயணம் போய்வந்தோம். ஒன்று மத்தியதரைக் கடல், இன்னொன்று இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க். இப்போது யாராவது கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான்: துணிக்கடையிலிருந்து தொடங்காதீர்கள், அன்று ராத்திரி சாப்பிடப் போகும் மேசையிலிருந்து தொடங்குங்கள். எந்தக் கப்பல், எந்த நாள், எந்த மேசை என்று தெரிந்துவிட்டால் உடை தானாகவே முடிவாகிவிடும், பெரும்பாலும் வீட்டில் ஏற்கெனவே இருக்கிற உடையாகவே.

1. உங்கள் கப்பலில் அந்த இரவுக்கு என்ன பெயர்?

ஃபார்மல் நைட் என்று பொதுவாகச் சொன்னாலும் ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பெயர் வைத்திருக்கிறது. பெயரைப் பார்த்தாலே கெடுபிடி எவ்வளவு என்று பாதி தெரிந்துவிடும்.

கெடுபிடியில் முதலிடம் குனார்டுக்கு. அவர்களுடைய குயின் மேரி 2 கப்பல் 2004-இல் ஓடத் தொடங்கியது. சவுத்தாம்ப்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே, பெரும்பாலும் ஏழு இரவுகளில், அட்லான்டிக்கைக் கடக்கிறது. அங்கே இதன் பெயர் 'காலா ஈவ்னிங்'. ஆண்களுக்கு டின்னர் ஜாக்கெட் அல்லது அடர் நிறச் சூட், கழுத்தில் டை அல்லது போ டை. பெண்களுக்கு ஈவ்னிங் கவுன், காக்டெயில் உடை அல்லது அதற்கு ஈடான ஒன்று. இவற்றோடு முறையான தேசிய உடை, ராணுவச் சீருடை, ஸ்காட்லாந்து ஆண்கள் அணியும் பாவாடை போன்ற கில்ட் ஆகியவையும் ஏற்கப்படும். அந்தத் 'தேசிய உடை' என்ற சொல்லை மனத்தில் வையுங்கள், பிறகு அதற்கு வருகிறேன். சில காலா இரவுகளுக்கு ஒரு கருப்பொருளும் இருக்கும்: கறுப்பு வெள்ளை, முகமூடி விருந்து, சிவப்பும் பொன்னும். கருப்பொருளைப் பின்பற்றியே ஆக வேண்டும் என்றில்லை. ஆனாலும் சிவப்பும் பொன்னும் என்றதும் என் மனைவி சிரித்துவிட்டாள். அவளுடைய முகூர்த்தப் புடவையே அதுதான்.

அடுத்த படி பிரின்சஸ். இன்றும் ஃபார்மல் நைட் என்றே அழைக்கிறார்கள், அடர் நிறச் சூட்டை எதிர்பார்க்கிறார்கள். கார்னிவலில் 'குரூஸ் எலிகன்ட்' என்று பெயர். நல்ல பேன்ட், முழுக்கைச் சட்டை இருந்தால் சமாளிக்கலாம், மேலே கோட்டு போட்டால் சிறப்பு. செலிப்ரிட்டி நிறுவனம் 2015 இறுதியில் ஃபார்மல் நைட்டை எடுத்துவிட்டு 'ஈவ்னிங் ஷீக்' என்று வைத்துக்கொண்டது, கோட்டு அவரவர் விருப்பம். நார்வீஜியன் 2000-ஆம் ஆண்டு வாக்கிலேயே 'ஃப்ரீஸ்டைல்' என்று சொல்லிக் கட்டாயத்தைத் தளர்த்திவிட்டது. பெரியவர்களுக்கு மட்டுமான வர்ஜின் வாயேஜஸில் ஓர் இரவு எல்லோரும் சிவப்பு அணிவார்கள், அதற்கு 'ஸ்கார்லெட் நைட்' என்று பெயர்.

நம்மவர்கள் அதிகம் போவது சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் பக்கம் கிளம்பும் மூன்று, நான்கு இரவுப் பயணங்களில். ராயல் கரீபியனின் குறுகிய பயணங்களில் பொதுவாக ஒரே ஓர் இரவுதான் ஃபார்மல். அதிலும் பாதிப் பேர் பேன்ட் சட்டையில்தான் வருகிறார்கள். அந்த ஓர் இரவுக்காகப் புதுக் கோட்டு தைப்பது பணத்தைக் கடலில் போடுவது போலத்தான்.

இந்தப் படியில் செய்ய வேண்டிய வேலை சின்னது. நிறுவனத்தின் தளத்தில் உடை விதிகள் பக்கத்தைத் திறந்து, கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போது நீங்களே படியுங்கள். டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர் சொல்வதையோ, ஐந்து வருஷத்துக்கு முன் போய்வந்த சித்தப்பா சொல்வதையோ நம்ப வேண்டாம். இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன, தளர்கிற திசையில்தான் பெரும்பாலும்.

2. எத்தனை இரவு, எந்த இரவு?

ஏழு இரவுப் பயணம் என்றால் பொதுவாக இரண்டு ஃபார்மல் இரவுகள். நான்கைந்து இரவுதான் என்றால் ஒன்று. இரண்டு வாரப் பயணத்தில் மூன்று வரலாம்.

முதல் நாள் இரவு ஃபார்மல் இருக்காது. உங்கள் பெட்டி துறைமுகத்தில் ஏற்றப்பட்டு அறை வாசலுக்கு வந்து சேர மாலை ஏழு எட்டு மணி ஆகிவிடலாம், பெட்டியே வராதவரிடம் கோட்டு எங்கே என்று கேட்க முடியாது. கடைசி இரவும் இருக்காது, அன்று பெட்டியைக் கட்டி அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும். பழைய அட்லான்டிக் கப்பல் காலத்திலேயே இந்த வழக்கம் உண்டு: முதல் இரவும் கடைசி இரவும் முதல் வகுப்புப் பயணிகள்கூட விருந்துடை போட மாட்டார்கள்.

ஆகவே இடையில் வரும் நாட்களில், கப்பல் எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் கடலிலேயே ஓடும் நாளைத்தான் ஃபார்மலுக்குத் தேர்ந்தெடுப்பார்கள். பயண அட்டவணையில் 'அட் ஸீ' என்று போட்டிருக்கும். ஊர் சுற்றி வேர்த்து விறுவிறுத்து ஆறு மணிக்கு வந்து ஏறுகிறவர்களை எட்டு மணிக்குப் பட்டு உடுத்தச் சொன்னால் நடக்காது என்று அவர்களுக்கும் தெரியும். சரியான தேதியைக் கப்பலின் செயலியில் முன்கூட்டியே பார்க்கலாம். இல்லையென்றால் ஏறிய அன்று அறைக்கு வரும் தினசரித் தாளில் இருக்கும்.

இரண்டு ஃபார்மல் இரவு என்றால் இரண்டு உடை வேண்டுமா? ஆண்களுக்கு வேண்டாம். அதே கோட்டுக்கு வேறு சட்டை, வேறு டை போதும், ஒருவரும் கண்டுகொள்ள மாட்டார்கள். பெண்களுக்கு இரண்டு புடவை என்று நான் எழுதாவிட்டால் இந்தக் கட்டுரையை வீட்டில் காட்ட முடியாது. உண்மையில் ஒரே புடவைக்கு இரண்டு ரவிக்கை கொண்டுபோய் ஒப்பேற்றிய பெண்மணியையும் பார்த்திருக்கிறேன், அது தெரிந்தது அவர் சொன்ன பிறகுதான்.

3. அன்று ராத்திரி எங்கே சாப்பிடப் போகிறீர்கள்?

பலருக்குத் தெரியாத விஷயம் இது: ஃபார்மல் இரவு என்றால் கப்பல் முழுவதும் ஃபார்மல் என்று அர்த்தமில்லை. விதி முக்கியமாகப் பெரிய உணவுக்கூடத்துக்குத்தான், அதாவது மேசையில் உட்கார்ந்து பரிமாறும் இடத்துக்கு. பஃபே திறந்திருக்கும், அங்கே சாதாரண உடையில் போகலாம். பெரும்பாலான கப்பல்களில் அறைக்கே சாப்பாடு வரவழைக்கலாம்.

குனார்டில் இந்த வட்டம் கொஞ்சம் பெரியது. மாலை ஆறு மணிக்கு மேல் பெரும்பாலான பொது இடங்களுக்கே உடை விதி உண்டு. குயின் மேரி 2-இல் காலா இரவன்று உடுத்த மனமில்லாதவர்களுக்குக் கிங்ஸ் கோர்ட் பஃபே, கோல்டன் லயன் என்ற பப், கரிந்தியா லவுஞ்ச் போன்ற சில இடங்கள் உண்டு. குயின்ஸ் ரூம் நடனக்கூடத்துக்குப் போக ஆசையென்றால் உடுத்தித்தான் ஆக வேண்டும்.

இப்போது வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். சைவச் சாப்பாடு கிடைக்குமா, பிள்ளைகள் இரண்டு மணி நேரம் உட்காருவார்களா, அப்பாவுக்கு முட்டி வலி தாங்குமா, இவை எல்லாம் இந்தக் கேள்விக்குள் வரும். (பல நிறுவனங்களில் முன்கூட்டியே சொன்னால் பெரிய உணவுக்கூடத்திலேயே இந்தியச் சைவ உணவு தருகிறார்கள். டிக்கெட் போடும்போதே எழுதிக் கேளுங்கள், முதல் நாள் இரவு தலைமைப் பரிமாறுபவரிடம் நேரிலும் சொல்லுங்கள்.) நாங்கள் பஃபேதான் என்று நீங்கள் முடிவு செய்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு தடவையாவது பெரிய கூடத்தில் உட்காருங்கள் என்பேன். பல கப்பல்களில் ஃபார்மல் இரவில்தான் லாப்ஸ்டர் போடுவார்கள். இசைக் குழு வாசிக்கும். கேப்டன் வெள்ளைச் சீருடையில் வந்து எல்லோரையும் வரவேற்பார். கப்பல் என்றால் நாம் மனத்தில் வைத்திருந்த படம் அன்று ஒரு நாள்தான் கண்முன் வரும்.

4. ஆண்கள்: மூன்று வழி

*டின்னர் ஜாக்கெட்.* அமெரிக்கர்கள் டக்ஸீடோ என்பது இதைத்தான். பின்னால் வால் தொங்கும் நீண்ட கோட்டுக்குப் பதிலாக 1865-இல் லண்டன் சாவில் ரோவில் இருந்த ஹென்றி பூல் தையலகத்தில், பிற்பாடு ஏழாம் எட்வர்ட் மன்னரான வேல்ஸ் இளவரசருக்குக் குட்டையாக ஒரு மாலைக் கோட்டு தைத்தார்கள். 1886-இல் நியூயார்க் அருகே டக்ஸீடோ பார்க்கில் அது பரவ, ஊர்ப் பெயர் உடைக்கு ஒட்டிக்கொண்டது. இதோடு இடுப்பில் கட்டும் மடிப்புப் பட்டை இருக்கிறதே, கம்மர்பண்ட், அது இந்தியாவிலிருந்து போனதுதான். இங்கிருந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் நம் ஊர்க் கமர்பந்தைப் பார்த்துக் கட்டிக்கொண்டார்கள்.

கதை நன்றாக இருக்கிறது, ஆனால் ஏற்கெனவே வைத்திருந்தாலொழிய வாங்க வேண்டாம். வாடகைக்கு எடுக்க ஆசையிருந்தால் உங்கள் கப்பலிலேயே ஏற்பாடு உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள், அளவுகளை எழுதி அனுப்ப வேண்டியிருக்கும். பேன்ட் நீளத்தையும் கழுத்தளவையும் தையல்காரரிடம் போய் எடுத்துக்கொள்ளுங்கள். மனைவி டேப் பிடித்த அளவை நம்பிப் போனால் என் கதிதான்.

*அடர் நிறச் சூட்.* குனார்டு உள்பட எல்லா இடத்திலும் செல்லும். கருநீலம் அல்லது கரிச்சாம்பல் நிறம் எடுங்கள். ஊர் திரும்பிய பின் ரிசப்ஷன், நேர்காணல் என்று எதற்காவது பயன்படும். பழுப்பு, கிரீம் நிறங்கள் பகல் உடை போலத் தெரியும். வெள்ளைச் சட்டை, வழவழப்பான டை. கோட்டுக்குத் துணி எடுக்கும்போது மெல்லிய உல்லன் கலப்பு கேளுங்கள், மடித்துப் பெட்டியில் வைத்தாலும் அதிகம் கசங்காது. லினன் பக்கமே போகாதீர்கள்.

*நம் உடை.* இங்கேதான் அந்தத் தேசிய உடை என்ற சொல் வருகிறது. இதில் இரண்டு பிரிவு. பந்த்கலா, அதாவது கழுத்து மூடிய ஜோத்பூரிக் கோட்டு, உலகம் முழுக்கத் தெரிந்தது. எந்த வாசலிலும் கேள்வி வராது, டை கட்டும் தொல்லையும் இல்லை. ஷெர்வானியும் சரிதான், ஆனால் நாற்காலியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், பிறகு சொல்லுங்கள்.

இரண்டாவது வேட்டி. என் தேர்வு இப்போதெல்லாம் இதுதான். ஆனால் சில நிபந்தனைகளோடு. நாலு முழம் வேண்டாம், அது வீட்டு உடை போலத் தெரியும். எட்டு முழப் பட்டு வேட்டி, நல்ல சரிகைக் கரை, முழுக்கைப் பட்டுச் சட்டை, தோளில் மடித்த அங்கவஸ்திரம். இடுப்பில் ஒட்டுப்பட்டை வைத்த ரெடிமேட் வேட்டி கடைகளில் கிடைக்கிறது, ஊரில் அதைக் கேலி செய்திருக்கிறேன், ஆடுகிற கப்பலில் படி இறங்கும்போது கேலி போய்விட்டது. இல்லையென்றால் அகலமான பெல்ட். எக்காரணம் கொண்டும் மடித்துக் கட்டாதீர்கள். குளிர் கடலில் போவதானால் வேட்டியின் மேல் கழுத்து மூடிய கோட்டு போடலாம். நூறு வருஷத்துக்கு முந்தைய சென்னை வக்கீல்களின் படங்களைப் பாருங்கள், பஞ்சகச்சமும் மூடிய கோட்டும் எவ்வளவு கம்பீரமாகப் பொருந்துகிறது என்று தெரியும்.

வாசலில் நிற்கும் பரிமாறுநர் எந்த நாட்டுக்காரராகவும் இருப்பார். வேட்டியைப் பார்த்திருக்க வேண்டும் என்று அவசியமில்லை, கடற்கரையில் சுற்றும் துண்டு என்றுகூட நினைக்கலாம். அவரைக் குறை சொல்ல முடியாது. சென்னையிலேயே 2014-இல் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரை ஒரு கிரிக்கெட் சங்க மன்றத்தில் உள்ளே விடவில்லை. அதே ஆண்டு தமிழ்நாடு சட்டமன்றம் அப்படித் தடுக்கக் கூடாது என்று சட்டமே போட்டது. அந்தச் சட்டம் அட்லான்டிக் வரை வராதே. எனவே கிளம்பும் முன் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: இது தமிழர்களின் முறையான உடை, திருமணத்துக்கும் விழாக்களுக்கும் அணிவது, காலா இரவில் அணியலாமா என்று கேட்டு ஒரு படத்தையும் இணையுங்கள். வரும் பதிலைக் கைப்பேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். எனக்கு அதைக் காட்ட வேண்டிய அவசியமே வரவில்லை. ஆனால் அது சட்டைப் பையில் இருந்ததால் நடையில் ஒரு தைரியம் இருந்தது.

5. பெண்கள்: எந்தப் புடவை?

புடவை செல்லுமா என்ற கேள்விக்கே இடமில்லை. எந்தக் கப்பலிலும் பட்டுப் புடவைதான் அன்றைய ராணி. வழியில் நான்கு பேர் நிறுத்தி விசாரிப்பார்கள். கேள்வி, எந்தப் புடவை என்பதுதான். அதை நிறமோ விலையோ தீர்மானிக்கக் கூடாது, கப்பல் தீர்மானிக்கட்டும்.

எடை முதலில். கனமான கல்யாணப் பட்டு ஒன்று கிட்டத்தட்ட ஒரு கிலோ வரும். ரவிக்கை, உள்பாவாடை, நகைப்பெட்டி, செருப்பு எல்லாம் சேர்த்தால் ஓர் இரவுக்கு இரண்டரைக் கிலோ. விமானத்தில் 20 கிலோதான் அனுமதி என்றால் யோசிக்க வேண்டும். மெல்லிய சரிகைக் கரை போட்ட சாஃப்ட் சில்க், அல்லது மைசூர் க்ரேப் சில்க் பாதி எடையில் முடிந்துவிடும். மைசூர் க்ரேப்பைச் சுருட்டி வைத்தாலும் கசங்காது. ஆர்கன்சாவும் டிஷ்யூவும் படத்தில் அழகு, பெட்டியில் இரண்டு நாள் கிடந்தால் காகிதம் போல ஆகிவிடும்.

அடுத்து அறை. சாதாரண அறையின் கண்ணாடி முன் ஒருவர் நின்று கொசுவம் வைக்கும்போது இன்னொருவர் கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொள்ள வேண்டியிருக்கும். அவ்வளவுதான் இடம். ஆகவே ஊரிலேயே பார்லரில் கொடுத்து மடிப்பு எடுத்து, பாக்ஸ் ஃபோல்டிங் செய்து வாங்கிவிடுங்கள். முந்தானை மடிப்பும் கொசுவமும் பின் குத்தி, இஸ்திரி போட்டுத் தட்டையாக மடித்துக் கொடுப்பார்கள். கப்பலில் ஐந்து நிமிஷத்தில் கட்டிவிடலாம். கல்யாண வீடுகளுக்கென்று வந்த இந்தப் பழக்கம் கப்பலுக்காகவே கண்டுபிடித்தது போல இருக்கிறது.

அப்புறம் காற்று. கப்பல் ஓடும் வேகமே ஒரு காற்று, கடல் காற்று அதன்மேல் சேரும். சாப்பிட்ட பின் திறந்த மேல்தளத்தில் படம் எடுக்கலாம் என்று எல்லோருக்கும் ஆசை வரும். ஒற்றை முந்தானையைப் பறக்கவிட்டுக் கட்டியிருந்தால் பாய்மரம்தான். தோளில் மடிப்பெடுத்துப் பின் குத்துங்கள், இடுப்பிலும் ஒரு பின். கைப்பையில் நாலைந்து ஊக்கு எப்போதும் இருக்கட்டும்.

குளிர். உணவுக்கூடத்து ஏசி கோட்டு போட்ட ஆண்களை மனத்தில் வைத்து ஓடுகிறது. கைக்குட்டை போன்ற ரவிக்கையோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் இனிப்பு வருவதற்குள் பல் தந்தியடிக்கும். முழங்கை வரை கை வைத்த ரவிக்கை நல்லது. ஒரு பஷ்மினா சால்வை, அரைக் கிலோகூட வராது, எடுத்துக்கொள்ளுங்கள். வட அட்லான்டிக்கில் ஜூன் மாதத்திலும் மேல்தளத்தில் அது தேவைப்படும்.

தரையிலிருந்து புடவையின் உயரம் இன்னொன்று. கப்பலில் குளியலறைக்கும் திறந்த தளத்துக்கும் போகும் வாசல்களில் நிலைப்படி உயர்ந்திருக்கும். தரையைக் கூட்டுகிற மாதிரி கட்டினால் அங்கே மாட்டும். கால்விரல் தெரிகிற அளவுக்கு ஏற்றிக் கட்டுங்கள்.

புடவை வேண்டாம் என்றால் அனார்கலி, லெஹங்கா, கவுன் எல்லாம் சரியே. நல்ல சல்வார் கமீஸ் குறுகிய பயணங்களில் எங்கும் செல்லும். பட்டில் தைத்ததாக இருக்கட்டும், பருத்தி பகலுக்கு.

நகை பற்றி ஒரு வார்த்தை. முழு செட் தங்கத்தைக் கப்பலுக்குக் கொண்டுபோகாதீர்கள். அறையில் சின்னப் பெட்டகம் இருக்கும், ஆனால் வழியெல்லாம் நீங்கள்தான் காவல். டெம்பிள் ஜுவல்லரி கவரிங் செட் அந்த விளக்கொளியில் தங்கத்தைவிட எடுப்பாக இருக்கும். விலையுயர்ந்த நகையைத்தான் அணிவேன் என்பவர்கள் இந்தியாவிலிருந்து கிளம்பும்போது விமான நிலையச் சுங்கப் பிரிவில் நகையைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டால், திரும்பி வரும்போது இது இங்கிருந்து போனதுதான் என்று நிரூபிக்க வாதாட வேண்டியதில்லை. மல்லிகைப் பூவுக்கு ஆசைப்படாதீர்கள். வாடிவிடும் என்பது ஒருபுறம், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் பூ, பழம், விதை விஷயத்தில் கெடுபிடி அதிகம். துணியில் செய்த சரம் ஒன்று போதும்.

6. பிள்ளைகள்

பெண் குழந்தைக்குப் பட்டுப் பாவாடை சட்டை, பையனுக்குப் பேன்ட், காலர் வைத்த சட்டை அல்லது குர்த்தா. பெரியவர்களுக்கு இருக்கும் கண்டிப்பு அவர்களுக்கு இல்லை. புதுச் சூட் வாங்கிப் போட்டால் அடுத்த பயணத்துக்குள் முழங்காலுக்கு ஏறிவிடும்.

7. காலில் என்ன?

கறுப்புத் தோல் ஷூ இருந்தால் ஆண்களுக்கு வேலை முடிந்தது. விளையாட்டு ஷூவைச் சூட்டோடு போடாதீர்கள். வேட்டிக்கு மூடிய மொஜாரி அல்லது பளபளப்பான தோல் செருப்பு. ரப்பர் செருப்பு என்றால் வாசலில் நிச்சயம் நிறுத்துவார்கள்.

பெண்களுக்கு ஊசிக் குதிகால் வேண்டாம். அமைதியான கடலிலும் கப்பல் லேசாக அசையும், அலை எழும்பினால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். அகலக் குதிகால், ஒன்றரை அங்குலம், குதிகாலின் பின்னால் வார் இருந்தால் இன்னும் நல்லது. எந்தச் செருப்போ அதைப் போட்டுக்கொண்டுதான் புடவை உயரத்தை அளக்க வேண்டும்.

8. பெட்டியும் இஸ்திரியும்

கப்பலில் இஸ்திரிப் பெட்டி கொண்டுபோக முடியாது. துணிக்கு ஆவி அடிக்கும் ஸ்டீமரும் கூடாது. கடலில் தீப்பிடித்தால் ஓட இடமில்லை என்பதால் ஏறும்போதே ஸ்கேனரில் பார்த்து எடுத்து வைத்துவிடுவார்கள், இறங்கும்போதுதான் தருவார்கள். குனார்டு, பிரின்சஸ் கப்பல்களில் பயணிகளே துவைத்துத் தேய்த்துக்கொள்ளும் அறைகள் உண்டு. ஆனால் ஃபார்மல் அன்று மத்தியானம் அங்கே ரேஷன் கடை போல வரிசை நிற்கும், முந்தின நாள் காலையிலேயே போய்விடுங்கள். அந்த வசதி இல்லாத கப்பலில் காசு கொடுத்துத் தேய்க்கத் தரலாம். முந்தின நாளாவது கொடுத்தால்தான் நேரத்துக்கு வரும்.

கோட்டை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி, ஒரு தோளை இன்னொரு தோளுக்குள் செருகி மடித்தால் வெளியே சுருக்கம் விழாது. டையைச் சுருட்டி ஷூவுக்குள் வைக்கலாம். பட்டைப் பழைய பருத்தித் துணியில் சுற்றி, பெட்டியின் மேல் அடுக்கில். சென்ட் பாட்டிலை அதே பெட்டியில் வைக்காதீர்கள், சரிகையில் பட்டால் கறுத்துவிடும்.

அறைக்கு வந்ததும் முதல் வேலை எல்லாவற்றையும் ஹேங்கரில் மாட்டுவது. கோட்டும் சட்டையும் கசங்கியிருந்தால் குளியலறையில் சுடுநீரைத் திறந்துவிட்டு ஆவியில் பத்து நிமிஷம் தொங்கவிடலாம். பட்டுக்கு அந்த வைத்தியம் வேண்டாம், ஒரு சொட்டுத் தண்ணீர் தெறித்தாலும் திட்டு விழும். அறைச் சுவர்கள் இரும்புத் தகடு என்பதால் காந்தக் கொக்கி நாலு கொண்டுபோனால் சால்வை, அங்கவஸ்திரம் எல்லாம் மாட்டிவைக்கலாம். இது சின்ன விஷயம்தான், ஆனால் எங்களுக்கு இவ்வளவு உதவியது வேறில்லை.

கைப்பெட்டி பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய பெட்டி விமானத்தில் தவறிப்போனால் கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது. ஃபார்மல் உடையில் ஒரு செட்டையாவது விமானத்தில் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் கப்பல் கிளம்புவதற்கு முந்தின நாளே அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

9. வீட்டில் ஓர் ஒத்திகை

கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு ராத்திரி முழு உடையும் போட்டு, செருப்போடு, மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்கள். சிரிக்காதீர்கள். கோட்டுப் பொத்தான் வயிற்றில் மாட்டுகிறதா, ரவிக்கை போன தீபாவளிக்கு இருந்த அளவிலேயே இருக்கிறதா, வேட்டி எழுந்து உட்காரும்போது நழுவுகிறதா என்று எல்லாம் அப்போதுதான் தெரியும். மாடிப்படி இரண்டு தடவை ஏறி இறங்குங்கள். கப்பலில் ஃபார்மல் இரவன்று லிஃப்டுக்கு அவ்வளவு கூட்டம் இருக்கும். தைக்கக் கொடுக்க இரண்டு வாரம் போதும், நடுக்கடலில் தையல்காரர் கிடைக்க மாட்டார்.

10. அந்த நாள்

இரவுச் சாப்பாடு பெரும்பாலும் இரண்டு பந்தி. முதல் பந்தி ஆறு மணிப் பக்கம், இரண்டாவது எட்டு, எட்டரை. முதல் பந்தி என்றால் நாலரை மணிக்கே நீச்சல் குளத்தைவிட்டு வந்துவிடுங்கள். ஒருவர் பின் ஒருவராகக் குளித்து, ஒருவர் உடுத்தும்போது மற்றவர் வெளியே போய்விடுவது குடும்ப அமைதிக்கு நல்லது. சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க் போகும் வழியில் ஒரு சலுகை உண்டு: ஐந்து நாட்களில் ஒவ்வொரு மணி நேரமாகக் கடிகாரத்தைப் பின்னால் திருப்புவார்கள், அந்த நாட்களுக்கு இருபத்தைந்து மணி நேரம். எதிர்ப்பக்கம் வருகிறவர்களுக்கு நேரம் குறையும், பாவம்.

அரை மணி முன்னால் இறங்குங்கள். படிக்கட்டுப் பக்கம் கப்பலின் புகைப்படக்காரர்கள் திரை போட்டு நிற்பார்கள். எடுத்துக்கொள்வதற்குக் காசில்லை, படம் வாங்கினால்தான் காசு. ஒரு படமே இருபது டாலர் பக்கம் போகும் என்பதால் இரண்டு மூன்று திரை முன் நின்று எடுத்துவிட்டு, நன்றாக வந்த ஒன்றை மட்டும் வாங்கினோம். அதற்கு முன் உங்கள் கைப்பேசியில், யாராவது வழிப்போக்கரிடம் கொடுத்து, அதே படிக்கட்டில் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மேசையில் நாப்கினை மடியில் விரித்துவிட்டுச் சூப்பைத் தொடுங்கள். லாப்ஸ்டர் உடைப்பது கஷ்டமென்றால் பரிமாறுநரிடம் சொன்னால் ஓட்டிலிருந்து எடுத்தே தருவார். பட்டில் கறை பட்டால் தேய்க்காதீர்கள், உலர்ந்த துணியால் ஒற்றிவிட்டு ஊருக்கு வந்து டிரை கிளீனிங் கொடுங்கள்.

மறுநாள் காலை உடைகளை ஒரு மணி நேரம் காற்றாட விட்டுப் பிறகு மடியுங்கள். கடைசி இரவு பெட்டி கட்டும்போது இவை அடியில் போகட்டும். மறுநாள் இறங்கும்போது போட ஒரு செட் உடையை முதலில் எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு, அதன் பிறகு பெட்டியைப் பூட்டுங்கள். நான் நியூயார்க்கில் அதை மறந்துபோனேன். ராத்திரி பதினொரு மணிக்குப் பெட்டிகளைக் கொண்டுபோய்விட்டார்கள். காலையில் அறையில் மிஞ்சியிருந்தது நான் படுத்திருந்த பனியனும், கொக்கியில் மாட்டி மறந்துபோன பட்டு வேட்டி சட்டையும்தான். ப்ரூக்ளின் துறைமுகத்தில் அமெரிக்கக் குடியேற்ற அதிகாரி முன் சரிகை வேட்டியோடு போய் நின்றேன். கடவுச்சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார்.